யானை கேட்ட கம்பெனி... மகனைத் தாண்டிப் போன மகுடம்! கீரனூர் அருகே பிறந்து, பாரிஸ் வரை போன ஒரு பட்டத்தின் கதை

வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று ஏதோ ஒரு வேலையாக கீரனூர் தாலுகா அலுவலகத்துக்குப் போகிறவர்கள், கையில் இருக்கும் விண்ணப்பத்தில் 'வட்டம்' என்ற இடத்தில் 'குளத்தூர்' என்று எழுதுவார்கள். அலுவலகம் இருப்பது கீரனூரில். பேருந்து நிலையம், ரயில் நிலையம், கடைவீதி, பேரூராட்சி எல்லாமே கீரனூரில்தான். ஆனால் தாலுகாவுக்குப் பெயர் மட்டும் பக்கத்தில் இருக்கும் குளத்தூருடையது.

வெளியூர்க்காரர்களுக்கு இது குழப்பம். உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். உண்மையில், இந்தப் பெயருக்குள் 300 வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் குளத்தூருக்குத் தனி ராஜா இருந்தார், தனிப் பட்டம் இருந்தது. பிறகு அந்தப் பட்டம் காணாமல் போனது. அதே குடும்பத்தின் இன்னொரு பட்டம் பெரிதாக வளர்ந்து, ஆர்க்காடு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி, ஆஸ்திரேலியப் பெண், பிரிட்டிஷ் மன்னர் என்று பலரையும் சந்தித்து, கடைசியில் 1971-ல் ஒரு சட்டத் திருத்தத்தோடு முடிந்தது.

அதுதான் தொண்டைமான் பட்டத்தின் கதை.

ஒரு வீட்டில் இரண்டு ராஜாக்கள்

17-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மதுரையிலும் திருச்சியிலும் நாயக்கர்கள், தஞ்சாவூரில் மராட்டியர்கள், ராமநாதபுரத்தில் சேதுபதிகள். இந்த மூன்று வல்லரசுகளுக்கும் நடுவே இருந்த வறண்ட நிலம்தான் இன்றைய புதுக்கோட்டை மாவட்டம்.

கறம்பக்குடிப் பக்கம் இருக்கும் அம்புகோவில் பகுதியில் செல்வாக்கோடு இருந்தது தொண்டைமான் குடும்பம். விஜயநகர மன்னர் ஒருவரின் யானையை அடக்கிக் கொடுத்ததற்காக, இந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஒருவருக்கு 'ராய' என்ற பட்டமும் நிலமும் கிடைத்ததாக வம்ச வரலாறு சொல்கிறது.

அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான் ரகுநாத ராய தொண்டைமான். அவருடைய சகோதரி காதலி நாச்சியாரை மணந்தவர், சேதுபதிகளில் புகழ்பெற்ற ரகுநாத கிழவன் சேதுபதி. புதுக்கோட்டைப் பகுதியை அப்போது ஆண்டுவந்த பல்லவராயர் மீது சேதுபதிக்கு நம்பிக்கை போனது. அந்த இடத்துக்குத் தன் மைத்துனரைக் கொண்டுவந்தார். 1686 வாக்கில் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்சி தொடங்கியது இப்படித்தான்.

ரகுநாதருக்கு ஒரு சகோதரர் இருந்தார். பெயர் நமன தொண்டைமான். அவர் ராமநாதபுரம் பக்கம் போகவில்லை. திருச்சி நாயக்கரிடம் சேவை செய்து, குளத்தூர் பாளையத்தைப் பெற்றார். ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு பட்டங்கள். தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமான், வடக்கே குளத்தூர் தொண்டைமான். கீரனூர், இந்தக் குளத்தூர் தொண்டைமானின் சீமையில் இருந்த ஊர்.

இந்த ஏற்பாடு சில தலைமுறைகளே நீடித்தது. 1750-ல் குளத்தூர் பாளையம் புதுக்கோட்டையோடு சேர்க்கப்பட்டது. குளத்தூர் தொண்டைமான் என்ற பட்டமும் அத்தோடு முடிந்தது. பின்னாளில் புதுக்கோட்டை சமஸ்தானம் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகாக்களாகப் பிரிக்கப்பட்டபோது, பழைய பாளையத்தின் பெயர் தாலுகாவுக்கு ஒட்டிக்கொண்டது. ராஜா போனார், பாளையம் போனது. பெயர் மட்டும் இன்றும் அரசு ரப்பர் ஸ்டாம்ப்பில் இருக்கிறது.

லண்டன் பட்டம் வேறு, நம்மூர்ப் பட்டம் வேறு!

பிரிட்டனில் பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் ஐந்து படிகளாக இருக்கின்றன. உச்சியில் டியூக், அதற்குக் கீழே மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், கடைசியில் பேரன். மன்னர் பட்டம் கொடுக்கும்போதே, அது யாருக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்பதையும் ஆணையில் எழுதிவிடுவார். பெரும்பாலான பட்டங்கள் முறைப்படி நடந்த திருமணத்தில் பிறந்த மூத்த மகனுக்குப் போகும். தத்துப்பிள்ளைக்குப் போகாது. ஆண் வாரிசு இல்லையென்றால், பட்டம் அழிந்துவிட்டதாகக் கணக்கு.

அங்கே நிலத்தை விற்றுவிட்டாலும் பட்டம் தங்கும். மாளிகை கைமாறிப்போன பிறகும் ஒருவர் 'ஏர்ல்' ஆகவே இருக்கலாம்.

நம்மூர்ப் பாளையப்பட்டு அப்படிப்பட்டதல்ல. மண்ணும் மரியாதையும் சேர்ந்ததுதான் பட்டம். நிலம் கைவிட்டுப் போனால் பட்டத்துக்கும் உயிர் இருக்காது. குளத்தூர் கதையே அதற்குச் சாட்சி.

அதே நேரம், இங்கே ஒரு வசதியும் இருந்தது. பிள்ளை இல்லாதவர் தத்து எடுக்கலாம். தர்ம சாஸ்திரமும் ஊர் வழக்கமும் அதை ஏற்றுக்கொண்டன. ஆனால், ஆங்கிலேயர்கள் ஏற்றுக்கொள்வார்களா? 19-ம் நூற்றாண்டில் இந்தியாவின் பல அரண்மனைகளைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி அது.

நவாப் கொடுத்த 'ராஜா பகதூர்'

1750-களில் திருச்சிக் கோட்டைக்காகப் பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபக்கம் முகமது அலியும் ஆங்கிலேயர்களும். முற்றுகை காலத்தில் முகமது அலி, ஆங்கிலேயர் பக்கம் நின்று தானியமும் ஆட்களும் அனுப்பிய சில பேரில் புதுக்கோட்டைத் தொண்டைமான் முக்கியமானவர். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே இருக்கிறது கீரனூர். அந்த வருஷங்களில் இந்தப் பாதைக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உதவியதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1754-ல் பிரெஞ்சுப் படை தொண்டைமான் நாட்டுக்குள் புகுந்து நாசம் செய்தது.

முகமது அலி ஆர்க்காடு நவாப் ஆனார். அந்த நட்பின் தொடர்ச்சியாக 1796-ல் அப்போதைய மன்னர் விஜய ரகுநாத தொண்டைமானுக்கு 'ராஜா பகதூர்' பட்டம் ஆர்க்காடு நவாபிடம் இருந்து கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து வந்தது 1799. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த பிறகு தப்பி வந்த வீரபாண்டிய கட்டபொம்மன், புதுக்கோட்டை நாட்டுக் காட்டில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 'தொண்டைமான் காட்டிக்கொடுத்தார்' என்ற பேச்சு இன்றும் தமிழ்நாடெங்கும் இருக்கிறது. 'கம்பெனியோடு உடன்படிக்கையில் இருந்த ஒரு சிறிய ராஜ்யத்துக்கு வேறு வழி இருந்ததா?' என்ற எதிர்க்கேள்வி புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. பட்டிமன்றம் வைத்தாலும் தீராத வழக்கு இது. ஆனால் ஒன்று நிச்சயம். பட்டம் என்பது வெறும் அலங்காரமாக இருந்ததே இல்லை. கொடுத்தவர் பக்கம் நிற்க வேண்டும் என்ற கடமையும் கூடவே வரும்.

வருஷத்துக்கு ஒரு யானை!

பாளையக்காரர் போர்கள் முடிந்த பிறகு, 1803-ல் கம்பெனி அரசு கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பகுதியையும் தொண்டைமானுக்குக் கொடுத்தது. ரொம்ப காலமாகத் தொண்டைமான்கள் தங்களுக்குச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. 1806-ல் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் அதை உறுதி செய்தார்கள்.

இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அந்த நிலத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, கப்பமாக வருஷத்துக்கு ஒரு யானை தர வேண்டும்.

யானையைக் கட்டித் தீனி போடுவதே பெரிய பாடு. வருஷா வருஷம் ஒரு யானையைப் பிடித்துக் கொடுப்பதென்றால்? நல்லவேளை, கம்பெனி அதைக் கறாராகக் கேட்கவே இல்லை. 1836-ல் அந்த யானைக் கப்பத்தை முறைப்படி தள்ளுபடியும் செய்துவிட்டது. வம்ச வரலாற்றின்படி ஒரு யானையை அடக்கியதில் தொடங்கிய பட்டம், ஒரு யானையைக் கொடுக்காமலே தப்பித்தது!

இதனால் புதுக்கோட்டைக்கு ஒரு பெரிய நன்மை. சுற்றிலும் இருந்த தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் நேரடி ஆங்கிலேய ஆட்சிக்குள்ளோ ஜமீன் முறைக்குள்ளோ போய்விட்டன. நடுவே சுமார் 1,180 சதுர மைல் பரப்புள்ள புதுக்கோட்டை மட்டும், கப்பம் கட்டாத சமஸ்தானமாகத் தனித்து நின்றது.

தனி நாணயமும் உண்டு. பெயர் 'அம்மன் காசு'. சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. கீரனூர்ப் பக்கத்து வீடுகளில் பாட்டி காலத்துத் தகரப்பெட்டியைத் துழாவினால், இன்றும் ஒன்றிரண்டு கிடைக்க வாய்ப்பு உண்டு.

கடன் வாங்கியதால் பறிபோன மரியாதை

1839-ல் பட்டத்துக்கு வந்தபோது ராமச்சந்திர தொண்டைமான் சிறுவன். 'ஹிஸ் எக்ஸலன்சி' என்று அழைக்கப்படும் மரியாதையை அவருக்கு முந்தைய தலைமுறையிலேயே ஆங்கிலேய அரசு கொடுத்திருந்தது. ஆனால் ராமச்சந்திரர் பெரியவரான பிறகு சமஸ்தானத்தின் வரவு செலவு கைமீறிப் போனது. கடன் ஏறிக்கொண்டே போனது. 1859-ல் 'எக்ஸலன்சி' மரியாதையை ஆங்கிலேயர்கள் பறித்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் ஒரு பிரபு சூதாடிச் சொத்தையெல்லாம் தொலைத்தாலும் அவருடைய பட்டத்தை அதற்காகப் பிடுங்க மாட்டார்கள். இங்கே ஒரு மன்னரின் மரியாதை, பள்ளிக்கூடப் பையனின் மதிப்பெண் மாதிரி ஏறி இறங்கியது. பீரங்கி மரியாதைக்கும் கணக்கு உண்டு. எத்தனை குண்டு முழங்க வேண்டும் என்பதை வைத்தே ஒரு சமஸ்தானத்தின் 'ரேங்க்' தெரியும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக்கு 11 குண்டுகள்.

நிலைமையைச் சரிசெய்ய 1878-ல் வந்தவர் சேஷையா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்து அனுபவப்பட்டவர். கணக்குகளைச் சீராக்கினார், குளங்களை வெட்டினார், புதுக்கோட்டை நகரத்தைத் திட்டமிட்டுத் திருத்தினார். அரச குடும்பத்தின் உறவினர்கள் பரம்பரையாக அனுபவித்துவந்த சின்னரண்மனை, மேலரண்மனை ஜாகீர்களும் 1881-ல் சமஸ்தானத்தோடு சேர்க்கப்பட்டன. பட்டத்தின் கிளைகள் ஒவ்வொன்றாக ஒடிந்து, ஒரே மரமாக நின்றது இந்தக் காலத்தில்தான். ராமச்சந்திரர் 'ஸ்ரீ பிரகதாம்பாதாஸ்' என்று தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதும் இந்தக் காலகட்டத்தில்தான். லண்டன் கொடுத்தது 'உயர்ந்தவர்' என்ற பட்டம். அவரே வைத்துக்கொண்டது 'அம்பாளின் அடிமை' என்ற பட்டம்.

ராமச்சந்திரருக்கு வாரிசுப் பிரச்னை வந்தது. ஆண் வாரிசு இல்லை என்ற காரணத்தால் 1855-ல் தஞ்சாவூர் மராட்டிய அரசு முடிந்துபோனதைப் புதுக்கோட்டை பக்கத்தில் இருந்தே பார்த்திருந்தது. 1857 புரட்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் மனம் மாறினார்கள். வாரிசு இல்லாத மன்னர்கள் தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று சமஸ்தானங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். புதுக்கோட்டைக்கு அந்தச் சனத் 1862-ல் வந்தது. அதை வைத்துத் தன் மகள் வயிற்றுப் பேரனைத் தத்து எடுத்தார் ராமச்சந்திரர்.

அந்தக் குழந்தைதான் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான்.

மெல்போர்னில் ஒரு கல்யாணம்

மார்த்தாண்ட பைரவர் பிறந்தது 1875-ல். 1886-ல் பட்டத்துக்கு வந்தபோது வயது 10. ஆங்கிலக் கல்வி, குதிரைப் பந்தயம், வெளிநாட்டுப் பயணம் என்று வளர்ந்தவர். 1913-ல் ஜி.சி.ஐ.இ. விருது பெற்றவர்.

இவருடைய ஆட்சியில் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படிக்க ஒரு பெண் விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே படித்த இடம் என்பதால் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். அந்த மாணவிதான் பின்னாளில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான, சென்னை சட்ட மேலவைக்குப் போன, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1915-ல் மார்த்தாண்ட பைரவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அந்த வருஷம் ஆகஸ்ட் 10-ம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம். மணமகனுக்கு வயது 39, மணமகளுக்கு 20.

இந்தச் செய்தி புதுக்கோட்டையிலும் லண்டனிலும் ஒரே நேரத்தில் புயலைக் கிளப்பியது. வெள்ளைக்காரப் பெண் இந்திய ராஜாவை மணப்பதை ஆங்கிலேய அரசு விரும்பவில்லை. மோலிக்கு 'ஹெர் ஹைனஸ்' மரியாதை தர மறுத்தது. ராஜா மனைவியோடு ஊருக்கு வந்தார். ஆனால் ராணிக்கு உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. அவருக்கு விஷம் வைக்க முயற்சி நடந்ததாகவும் பேச்சு எழுந்தது. சில மாதங்களிலேயே, 1916-ல், கர்ப்பிணியாக இருந்த மோலியோடு ராஜா மறுபடி கப்பல் ஏறினார்.

1916 ஜூலை 22-ம் தேதி சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. பெயரிலேயே பிறந்த ஊரையும் சேர்த்து வைத்தார்கள். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான்.

மூத்த மகன். சட்டப்படி பதிவான திருமணத்தில் பிறந்தவர். ஆனாலும் இவரை வாரிசாக ஏற்க முடியாது என்று ஆங்கிலேய அரசு கைவிரித்தது.

1920-களின் தொடக்கத்தில் ராஜா ஒரு முடிவுக்கு வந்தார். பொறுப்பைத் தன் சகோதரர் விஜய ரகுநாத துரைராஜாவிடம் விட்டார். அவர் ரீஜன்ட்டாக இருந்து சமஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டார். ராஜா குடும்பத்தோடு பிரான்ஸின் கான் நகரத்தில் குடியேறினார். பெயருக்கு மட்டும் ராஜா. ராஜ்யம் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில்.

1928 மே 28-ம் தேதி பாரிஸில் காலமானார். உடல் தகனம் செய்யப்பட்டது புதுக்கோட்டையில் அல்ல, லண்டன் கோல்டர்ஸ் கிரீனில். மோலி அதன் பிறகு 39 வருஷம் வாழ்ந்து, 1967-ல் கான் நகரில் இறந்தார். மகன் சிட்னிக்கு அந்தப் பட்டம் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

அதே 1928... இன்னொரு மகன், இன்னொரு பட்டம்

அதே வருஷம் மார்ச் மாதம் வங்காளத்தில் இன்னொருவர் இறந்தார். சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியர். ஒரு மாகாணத்துக்கு கவர்னரான முதல் இந்தியர். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிட்டனின் பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற ஒரே இந்தியர். 1919-ல் அவருக்குக் கிடைத்த பட்டம் 'பேரன் சின்ஹா ஆஃப் ராய்ப்பூர்'. ராய்ப்பூர் என்பது வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இருக்கும் அவருடைய சொந்தக் கிராமம். லண்டன் பிரபுக்கள் சபைப் பட்டியலில் ஒரு வங்காளக் கிராமம் இடம்பிடித்தது.

அவர் இறந்த பிறகு மகன் அருண் குமார் சின்ஹா பட்டத்துக்கு உரிமை கோரினார். அங்கேயும் சிக்கல் கல்யாணத்தில்தான் வந்தது! அருண் குமாரின் பெற்றோர் இந்து முறைப்படி மணந்தவர்கள். அன்றைய இந்துச் சட்டத்தில் ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களை மணக்க இடம் இருந்தது. அப்படிப்பட்ட திருமணத்தை ஆங்கிலச் சட்டம் ஏற்குமா, அதில் பிறந்த மகன் பிரிட்டிஷ் பிரபு ஆகலாமா என்று விசாரணை நடந்தது. பெற்றோர் பின்னர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர்கள், அதில் ஒருவனுக்கு ஒருத்தி மட்டுமே என்பது முக்கியமான வாதமானது. 1939-ல், அதாவது அப்பா இறந்து 11 வருஷம் கழித்து, அருண் குமாரின் உரிமையைப் பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு அப்பாக்களும் 1928-ல் இறந்தார்கள். இரண்டு மகன்களுக்கும் அப்பா அம்மாவின் கல்யாணமே தடையாக வந்து நின்றது. வங்காளத்து மகனுக்கு இந்துக் கல்யாணம் தடை. புதுக்கோட்டை மகனுக்கு வெள்ளைக்காரக் கல்யாணம் தடை. ஒருவருக்கு வழக்காட ஒரு சபை இருந்தது, எழுதிவைத்த விதி இருந்தது. காலதாமதம் ஆனாலும் பட்டம் கிடைத்தது. இன்னொருவருக்கு அப்படி முறையிட ஒரு சபை இல்லை. சமஸ்தானத்தின் வாரிசு யார் என்பதை முடிவுசெய்தது ஆங்கிலேய அரசின் விருப்பம்.

ஆறு வயது ராஜா, கடைசி ராஜா

அரச குடும்பத்தின் உறவுக் கிளையில் இருந்து ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1922 ஜூன் 23-ம் தேதி பிறந்த ராஜகோபால தொண்டைமான். 1928 நவம்பரில் பட்டம் சூட்டிக்கொண்டபோது அவருக்கு வயது ஆறு. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் வயதில் ஒரு சமஸ்தானத்தின் மகுடம்!

நாடு சுதந்திரம் அடைந்தது. 1948 மார்ச் 3-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து, சென்னை மாகாணத்தின் திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது. 26 வயது நிரம்பாத ராஜகோபாலர், 260 வருஷ ஆட்சியைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தார். குளத்தூர் தாலுகா அப்படித்தான் திருச்சி மாவட்டத்துக்குப் போனது.

ராஜ்யம் போன பிறகும் பட்டம் மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. முன்னாள் மன்னர்களுக்கு மானியமும் மரியாதையும் தொடரும் என்று அரசியல் சட்டம் உறுதி சொல்லியிருந்தது. 1970-ல் குடியரசுத் தலைவர் ஆணையால் மத்திய அரசு அதை ரத்து செய்தது. 'செல்லாது' என்றது உச்ச நீதிமன்றம். உடனே 1971 டிசம்பரில் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மன்னர் மானியமும் போனது, மன்னர் என்ற அங்கீகாரமும் போனது. நாடு முழுக்க இருந்த நூற்றுக்கணக்கான முன்னாள் மன்னர்கள் ஒரே நாளில் சாதாரணக் குடிமக்கள் ஆனார்கள்.

அரசு யாருக்கும் பட்டம் வழங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு ஏற்கெனவே சொல்லியிருந்தது. ராணுவத்துக்கும் கல்விக்கும் மட்டுமே அதில் விதிவிலக்கு. பிரிட்டனில் இந்தப் பயணம் மெதுவாக நடந்தது. பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்கள் பிரபுக்கள் சபையில் உட்காரும் உரிமையை இழந்தது 1999-ல்தான். அங்கே நாற்காலி போனாலும் பட்டம் இருக்கிறது.

புதுக்கோட்டையில் பட்டம் போன பிறகு நடந்தது வேறு. 1974 ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் நாளில், புதுக்கோட்டை தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வேண்டும். ராஜகோபாலர் தன் அரண்மனையை அதற்காக விட்டுக்கொடுத்தார். இன்று கீரனூரில் இருந்து மனு கொடுக்க திங்கட்கிழமை பஸ் ஏறும் விவசாயி, நேராகப் போய் நிற்பது அந்த அரண்மனை வாசலில்தான். ராஜாவைப் பார்க்க அவருடைய கொள்ளுத்தாத்தா எத்தனை நாள் காத்திருந்தாரோ தெரியாது. இவருக்கு டோக்கன் கொடுத்து வரிசையில் விடுகிறார்கள்.

திருமணம் செய்துகொள்ளாத ராஜகோபாலர், 1997 ஜனவரி 16-ம் தேதி காலமானார்.

மிச்சம் இருக்கும் 'மாட்சிமை'

'ஹிஸ் ஹைனஸ்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'மாட்சிமை தங்கிய' என்று பொருள். நவாபும் கம்பெனியும் லண்டனும் கொடுத்தும் பறித்தும் விளையாடிய மரியாதைகளில், இந்த ஒன்று மட்டும் புதுக்கோட்டையில் இன்றும் அதிகாரபூர்வமாக உயிரோடு இருக்கிறது. அது எந்த மனிதரின் பெயருக்கு முன்னாலும் இல்லை. ஒரு அரசுக் கல்லூரியின் பெயருக்கு முன்னால் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி படித்த அந்தக் கல்லூரியின் இன்றைய முழுப்பெயர், 'மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி'.

அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட பட்டம், யானைக்கு ஈடாக வந்த பட்டம், கடனுக்காகப் பறிபோன பட்டம், கல்யாணத்துக்காக மகனுக்கு மறுக்கப்பட்ட பட்டம் என்று எத்தனையோ பட்டங்களைப் பார்த்துவிட்டது இந்தச் சீமை. தமிழில் 'டிகிரி'க்கும் பெயர் பட்டம்தான். கீரனூரிலும் குளத்தூரிலும் இருந்து காலையில் பஸ் பாஸோடு கிளம்பிப் போகும் பிள்ளைகள், மூன்று வருஷம் படித்து அந்தக் கல்லூரியில் வாங்குவதும் பட்டம்தான். இதற்கு மூத்த மகனாகப் பிறக்க வேண்டியதில்லை. மகளாக இருந்தாலும் கிடைக்கும். கடனாளி ஆனாலும் யாரும் பிடுங்க முடியாது.

அரியர் மட்டும் வைக்காமல் இருந்தால் போதும்!